நான்கு வருத்தங்களும் ஒரு முழங்காலும்

வீட்டில் அவளை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில் கணவர் வைத்த பெயர். மொழிபெயர்ப்பு அவள் தொழில் என்பது அதற்கு ஒரு காரணம். யார் எதைச் சொன்னாலும் "அப்படின்னா?" என்று மடக்குவது அவள் குணம் என்பது இன்னொரு காரணம். எந்தக் காரணத்துக்காகக் கூப்பிடுகிறார் என்பதை அவர் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவருடைய அக்கா நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். முழங்கால் தேய்ந்துபோய், மாற்று மூட்டு வைத்துக்கொண்டு, நடமாட்டம் சரியாகும்வரை தம்பி வீட்டில் இருப்பது என்று வந்து சேர்ந்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் அகராதிக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு வினாத்தாள் வேலை வந்தது.

மூட்டு அறுவை செய்துகொண்டவர்களிடம் கொடுப்பதற்கான வினாத்தாள். படி ஏற முடிகிறதா, குனிந்து செருப்பு மாட்ட முடிகிறதா, இரவில் புரண்டு படுக்க முடிகிறதா என்பதையெல்லாம் அவள் மளமளவென்று தமிழாக்கிவிட்டாள். கடைசிப் பக்கத்தில்தான் வண்டி நின்றது. அங்கே மனநிலையைக் கேட்கும் நான்கு ஆங்கிலச் சொற்கள். டிஸ்ட்ரெஸ்டு, டிஸ்கரேஜ்டு, டிஜெக்டட், ஹோப்லெஸ். நோயாளி ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'கொஞ்சம்', 'ரொம்ப' என்று குறிக்க வேண்டும்.

அகராதிக்கு அந்த நான்கும் தெரியாத சொற்கள் இல்லை. ஆனால் தெரிந்த நாலு பேரை ஒரே சோபாவில் நெருக்கி உட்கார வைத்தால் யாருடைய கை யாருடைய தோளில் இருக்கிறது என்று தெரியாதல்லவா, அப்படி இருந்தது.

வேலையைக் கொடுத்த மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் போனில் விளக்கினார். கண்டிப்பான பெண்மணி, ஆனால் கேள்வி கேட்டால் எரிச்சல்படாதவர். முதல் சொல்லுக்கு 'ரொம்ப' என்று குறித்தவரை வலி பார்க்கும் மருத்துவரிடம் அனுப்புவார்களாம். இரண்டாவதைக் குறித்தவருக்குப் பயிற்சியை மாற்றிக் கொடுப்பார்கள். மூன்றாவது என்றால் வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். நான்காவது என்றால் அன்றைக்கே மனநல ஆலோசகர் வந்து பார்ப்பார். நாலையும் குழப்பிவிட்டால் பயிற்சி மாற்ற வேண்டியவருக்கு மாத்திரையும், மாத்திரை வேண்டியவருக்குப் பயிற்சியும் போய்ச் சேரும்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அவள் தமிழாக்கியதை வேறொருவர் ஆங்கில மூலத்தைப் பார்க்காமலேயே திரும்ப ஆங்கிலமாக்குவார். அவர் ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்து வளர்ந்தவராக இருக்க வேண்டும். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே கோணுகிறது என்று தெரிந்துவிடும். முடிகிறவரை இருவரும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளவோ பேசிக்கொள்ளவோ கூடாது. அகராதி அந்த முகம் தெரியாத ஆளுக்கு மனதுக்குள் எதிர்க்கரைக்காரர் என்று பெயர் வைத்தாள்.

முதல் சுற்றில் டிஸ்கரேஜ்டு என்பதற்கு 'சோர்ந்து போயிருக்கிறேன்' என்று எழுதினாள். எதிர்க்கரையிலிருந்து 'ஐ ஆம் டயர்ட்' என்று வந்தது. அவளுக்குத் தப்புச் சொல்ல முடியவில்லை. சோர்வு என்றால் உடம்புக்கும் உண்டுதானே. 'தைரியம் இழந்துவிட்டேன்' என்று மாற்றினாள். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்ற பொருளில் வந்தது. 'மனம் உடைந்துவிட்டது' என்று போட்டுப் பார்த்தாள். காதலில் தோற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ அது வந்தது. மூட்டு மாற்றிக்கொண்ட பெரியவர்களிடம் அதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்து அவள் தனியாகச் சிரித்தாள்.

அடுத்து வந்ததுதான் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பியது. 'மனம் விட்டுப்போய்விட்டது' என்று எழுதியிருந்தாள். எல்லோரும் பேசுகிற சொல், இதில் என்ன கோளாறு வரும் என்று நிம்மதியாக அனுப்பியிருந்தாள். அது 'நான் எதையும் ஒளிக்காமல் பேசிவிட்டேன்' என்ற அர்த்தத்தில் திரும்பி வந்தது.

கடையிலிருந்து சாப்பிட வந்த கணவரிடம் அதைப் படித்துக் காட்டினாள்.

"இது மிஷினா இருக்கும்," என்றார் அவர், கை கழுவிக்கொண்டே.

"மிஷின் இப்படித் தப்புப் பண்ணாதுங்க. இவர் மனசு விட்டுப் பேசுறதையும் மனசு விட்டுப் போறதையும் ஒண்ணா நினைச்சிருக்கார். அப்படின்னா முதல்ல சொன்னதை எங்கேயோ அடிக்கடி கேட்டிருக்கார். எங்கே கேட்டிருப்பார்?"

"உனக்கு வேலையைவிட அந்த ஆள்தான் முக்கியமாப் போச்சு," என்று அவர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கா காதில் விழப்போகிறது, சத்தமாகச் சிரிக்காதே என்றார்.

அந்த வீட்டில் சில நாட்களாக எல்லாமே தாழ்ந்த குரலில்தான் நடந்தது. நீச்சல் அக்கா வந்த புதிதில் காலை மாலை தவறாமல் முழங்காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். பிறகு மாலைப் பயிற்சி நின்றது. அப்புறம் காலையிலும் நின்றது. இப்போது ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் பதில் சொன்னார், கொடுத்தால் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

அக்கா பெரிய துயரத்தில் இருக்கிறாள் என்று கணவர் முடிவுகட்டிவிட்டார். மெத்தென்று தலையணை வாங்கி வந்தார். டிவி சத்தத்தைக் குறைத்தார். எல்லாம் சரியாகிவிடும், நீ எதைப் பற்றியும் கவலைப்படாதே என்று காலையில் கடைக்குப் போகும்போது ஒருமுறையும் திரும்பி வந்து ஒருமுறையும் சொன்னார். அகராதியும் தன் பங்குக்குச் சூடாக ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நாத்தனார் அதைக் குடித்துவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்ப்பார்.

வினாத்தாள் வேலையில் அடுத்த கட்டம், நோயாளிகள் சிலரிடம் சொற்களைச் சொல்லி என்ன புரிகிறது என்று கேட்பது. அதற்காக அவள் மருத்துவமனையின் பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கம்பிகள். மூலையில் எந்த மாடிக்கும் போகாத ஒரு மரப்படிக்கட்டு, ஏறி இறங்கிப் பழகுவதற்காக.

ஒரு பூக்கடைக்காரம்மா நான்கு கேள்விகளையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாலும் ஒண்ணுதானேம்மா? நாலு தடவ கேட்டா நான் நாலு தடவ அழணுமா?" என்றார். கால்பந்து நடுவராக இருந்த ஒருவர் எதற்குமே 'இல்லை' என்று குறித்தார். தன் வாழ்க்கையில் அந்த மாதிரிச் சொற்களுக்கு இடமே கொடுத்ததில்லை என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்து இரண்டடி நடந்தார், நின்றார், யாரும் பார்க்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்தார். தையற்கடை வைத்திருந்த இன்னொருவர், அவள் எழுதியிருந்த 'துவண்டு போயிருக்கிறேன்' என்பது நன்றாக இருக்கிறது, கஞ்சி போடாத துணி மாதிரி என்றார். டிஜெக்டட் என்ற மூன்றாவது சொல் அப்படித் தேறியது. டிஸ்ட்ரெஸ்டு என்பதற்குத் 'தவித்துக்கொண்டிருக்கிறேன்' என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நான்காவதும் சிரமமில்லை, 'இனி எதுவும் சரியாகாது என்று நினைக்கிறேன்' என்று நீட்டி எழுதிவிட்டாள். இரண்டாவது சொல்தான் பிடி கொடுக்காமல் நழுவியது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் நாத்தனாரின் கட்டிலருகே வழக்கம்போல உட்கார்ந்தாள். வாயில் அந்தச் சொற்களே ஓடிக்கொண்டிருந்தன. கேட்கலாமா என்று தயங்கினாள். பிறகு கேட்டேவிட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தவிப்பா இருக்கா உங்களுக்கு?"

நீச்சல் அக்கா திரும்பிப் பார்த்தார். தவிப்பா, எதற்கு என்றார்.

துவண்டு போன மாதிரி இருக்கிறதா என்று கேட்டாள். அதுவும் இல்லையாம். இனி எதுவும் சரியாகாது என்று தோன்றுகிறதா என்றதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏன் சரியாகாம? எத்தனை பேருக்குச் சரியாகியிருக்கு. எனக்கு மட்டும் என்ன கேடு?"

"அப்புறம் ஏன் பயிற்சி செய்யலை?"

அக்கா போர்வையை விலக்கித் தன் முழங்காலைப் பார்த்தார், வேலைக்கு ஒழுங்காக வராத ஆளைப் பார்க்கிற மாதிரி.

"சலிச்சுப் போச்சுடி. மடக்கறேன், நீட்டறேன், நேத்து எங்கே நின்னுச்சோ இன்னிக்கும் அங்கேயே நிக்குது. செஞ்சா என்ன, செய்யாட்டி என்ன. நீங்க ரெண்டு பேரும் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி வந்து உட்கார்றீங்க. எனக்கு ஆறுதல் வேண்டாம். முன்னைக்கு இப்ப எவ்வளவு மடங்குதுன்னு யாராவது பார்த்துச் சொல்லுங்க. மேலேருந்து பார்த்தா எனக்குத் தெரியலை."

குளத்தில் இறங்கியவனுக்குத் தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று ஒருநாளும் தெரியாது, கரையில் நிற்கிறவள்தான் சொல்ல வேண்டும் என்றும், எத்தனையோ பேருக்குத் தான் சொல்லியிருப்பதாகவும் அக்கா சொன்னார். சொல்லச் சொல்ல முகத்தில் கொஞ்சம் பழைய சூடு வந்தது. அகராதி எழுந்து போய்ச் 'சலித்துவிட்டது' என்ற சொல்லை எழுதி அன்றைக்கே எதிர்க்கரைக்கு அனுப்பிவைத்தாள்.

கணவரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் நம்பவில்லை. அக்காவே கூப்பிட்டு அதட்டிய பிறகுதான் கடையிலிருந்து கோணமானியும் இரண்டு நீண்ட அளவுகோல்களும் எடுத்துவந்தார். கண்ணாடி வில்லையை எந்தச் சாய்வில் பொருத்துவது என்று மயிரிழை பிசகாமல் பார்க்கிற மனிதர். அக்காவின் தொடையோடு ஓர் அளவுகோல், கெண்டைக்காலோடு இன்னொன்று என்று வைத்துக் கோணத்தை அளந்தார். அன்றிலிருந்து காலைப் பயிற்சி மறுபடி தொடங்கியது. ஞாயிறு தோறும் அளப்பது என்று வைத்துக்கொண்டார்கள். முதல் ஞாயிறு நன்றாகவே முன்னேறியிருந்தது. அக்கா அன்று டிவியைச் சத்தமாக வைத்தார்.

இரண்டாவது ஞாயிறு அளந்துவிட்டுக் கணவர் கோணமானியை மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது, சபாஷ் என்றார். அவர் குரலில் எப்போது பொய் கலக்கிறது என்று அகராதிக்குத் தெரியும், ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் கோணமானியை மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா அதை எடுத்து, நிலைக்கண்ணாடி முன் நாற்காலியைப் போட்டு, தானே அளந்து பார்த்துவிட்டார். கூடவில்லை. போன வாரத்தைவிடக் குறைந்திருந்தது.

சாயங்காலம் தம்பி வந்ததும் கோணமானியை அவர் கையில் கொடுத்தார்.

"நான் பொய் சொல்லி ஒருத்தரையும் கரை சேர்த்ததில்லை," என்றார். "குறைஞ்சிருந்தா குறைஞ்சிருக்குன்னு சொல்லு. வீக்கம் இருந்திருக்கும், ஐஸ் வெச்சிருப்பேன். கூடியிருக்குன்னு சொல்லிட்டா நான் அடுத்த வாரம் எதை நம்பறது?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நீ வருத்தப்படுவாய் என்றுதான் என்று முனகினார். அக்கா திங்கட்கிழமை பயிற்சி செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. அடுத்த நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றித் தரச் சொன்னார். அகராதி கொடுத்தாள். பொய்யான 'சபாஷ்' தலையணையைவிட மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் அதில் கால் ஊன்ற முடியாது என்று மட்டும் அவளுக்குப் பட்டது.

'சலித்துவிட்டது' என்பதற்குப் பதில் வந்தது. எதிர்க்கரைக்காரர், சல்லடையில் மாவு போல என்னைச் சலித்துவிட்டார்கள் என்ற பொருளில் எழுதி, இது நோயாளிகளிடம் கேட்கிற கேள்விதானா என்று ஓரத்தில் சந்தேகமும் எழுப்பியிருந்தார்.

இதற்குமேல் இவர்களைத் தனித்தனியாக வைத்தால் வேலை முடியாது என்று ஒருங்கிணைப்பாளர் நினைத்திருக்க வேண்டும். விதிப்படியே கடைசியில் ஒரு கூட்டம் உண்டு, அதற்கு இருவரையும் வரச் சொன்னார்.

அகராதி அரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துகொண்டாள். வயதான பேராசிரியர் ஒருவரை எதிர்பார்த்தாள். வந்தது அவள் வயதுதான் இருக்கும் ஒரு நெட்டை மனிதர், மழைக்கோட்டோடு. தண்ணீர் மோட்டார்களுக்குக் கையேடு எழுதுவது அவர் தொழில். பிறந்தது ஆங்கிலம் பேசும் வீட்டில். தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தமிழ். ஒவ்வொரு சொல்லையும் கீழே சிந்தாமல் கொண்டுவந்து வைப்பதுபோலப் பேசினார்.

அவள் முதலில் கேட்டது சல்லடையைப் பற்றித்தான்.

"என் மாமியார் எங்ககூடத்தான் இருக்காங்க," என்றார் அவர். "சமையலறையில நின்னுதான் தமிழ் கத்துக்கிட்டேன். அங்கே சலிக்கறதுன்னா மாவுதான்."

"மனசு விட்டு?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "அது மனைவிகிட்ட. எங்களுக்குள்ள சண்டை வந்தா, மனசு விட்டுப் பேசுங்கன்னு சொல்வாங்க. மனசு விட்டுப் போகும்னு யாரும் சொன்னதில்லை."

அகராதிக்கு உள்ளுக்குள் ஏதோ விளக்குப் போட்டதுபோல இருந்தது. அவர் செய்த தப்பு ஒவ்வொன்றும் அந்த வீட்டில் ஒவ்வொரு அறையைக் காட்டியது. ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்து இருமினார்.

அகராதி தன் நாத்தனாரின் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள், பெயர் அடையாளம் எதுவும் சொல்லாமல், ஒரு முழங்கால் என்று மட்டும். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, டிஸ்கரேஜ்டு என்ற சொல்லுக்குள் கரேஜ் இருக்கிறது, தைரியம் என்றார். அந்தக் கரேஜுக்குள்ளும் தோண்டினால் பழைய மொழியில் இதயம் என்ற சொல் இருக்கிறதாம்.

"தைரியம் இல்லாதவங்ககிட்டேயிருந்து அதை எடுக்க முடியாதே," என்றார். "முயற்சி பண்றவங்களுக்கு மட்டும்தான் இந்தச் சொல் பொருந்தும். உங்க முழங்கால் நிறைய முயற்சி பண்ணியிருக்கு."

அதற்குப் பிறகு மூவரும் தாளில் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார்கள். 'எவ்வளவு முயன்றாலும் பலன் தெரியவில்லை என்று மனம் விட்டுப்போகிறது' என்று அகராதி எழுதியதை ஒருங்கிணைப்பாளர் மறுத்துவிட்டார். மூலத்தில் காரணம் எதுவும் இல்லை, நாமாகக் காரணம் சொல்லிக் கொடுத்தால் அதையே எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள் என்றார். அது நியாயம்தான். 'முயல விருப்பமில்லை' என்பதை எதிர்க்கரைக்காரர் மறுத்தார், அது சோம்பேறியைச் சொல்கிறது என்று. அகராதி பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைப் பார்த்த அந்த முகத்தை நினைத்துக்கொண்டாள். பிறகு எழுதினாள்: 'மேற்கொண்டு முயல எனக்கு மனம் எழவில்லை.'

அவர் அதை வாய்விட்டு இரண்டு முறை படித்தார். அவருக்குப் புதிய சொற்சேர்க்கை. மனம் எழுமா என்று கேட்டார். எழும், எழாமலும் இருக்கும் என்றாள். அவர் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியதைப் பார்த்து ஒருங்கிணைப்பாளர் முதல்முறையாகப் புன்னகை செய்தார். மூலத்தில் இருந்த சொல் அதில் இல்லை, ஆனால் மூலத்தில் இருந்த ஆள் இருந்தார்.

அச்சான வினாத்தாள் புழக்கத்துக்கு வந்த பிறகு நீச்சல் அக்காவுக்கு மறுபரிசோதனை நாள் வந்தது. அதற்குள் அவர் கைத்தடி இல்லாமல் நடக்கப் பழகியிருந்தார். நடுவில் இரண்டு ஞாயிறு முன்னேற்றமில்லை, ஒரு ஞாயிறு நல்ல முன்னேற்றம். கணவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஒவ்வொரு முறையும் சொல்லும் முன்பு எச்சில் விழுங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

அகராதிதான் கூடப் போனாள். வரவேற்பறையில் செவிலியர் வந்து அக்காவிடம் அட்டையில் செருகிய தாள்களைக் கொடுத்தார். படி ஏறுவது, செருப்பு மாட்டுவது எல்லாவற்றுக்கும் அக்கா சரசரவென்று குறித்துக்கொண்டே போனார். கடைசிப் பக்கம் வந்தது. முதல் கேள்விக்குக் குறித்தார். இரண்டாவதைப் படித்தார். பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

அகராதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இத்தனை நாள் எந்தக் கேள்விக்காக மல்லுக்கட்டினாளோ அது இப்போது ஒரு மனுஷியின் முன்னால் இருக்கிறது. புரிகிறதா, புரியவில்லையா? இல்லையா, கொஞ்சமா, ரொம்பவா? சும்மா கழுத்தைத் திருப்புகிற மாதிரி அந்தப் பக்கம் சாய்ந்தாள்.

அக்கா இடது கையைப் பரப்பித் தாளை மறைத்துக்கொண்டார்.

"நீ எழுதின கேள்விதானே இது?" என்றார், நிமிராமலே.

ஆமாம், புரிகிறதா என்றாள் அகராதி.

"நல்லாவே புரியுது. அதனாலதான் யோசிக்கிறேன். நீ அந்தப் பக்கம் பாரு."

அகராதி அந்தப் பக்கம் பார்த்தாள். பேனா நுனி காகிதத்தில் உரசும் மெல்லிய சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எந்தக் கட்டத்திலிருந்து வருகிறது என்று மட்டும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.